சுவரில் இறங்கிய தண்ணீருக்கு யார் பொறுப்பு?

சென்ற ஆண்டு ஐப்பசியில் ஒரு நாள், தண்ணீர்த் தொட்டியின் மிதவை வால்வைப் பார்ப்பதற்காக மாடிக்குச் சென்றேன். திண்டுக்கல் நாகல் நகரில் உள்ள எங்கள் வீட்டின் மாடிப் பகுதியில் மூன்று ஆண்டுகளாக ஒரு குடும்பம் வாடகைக்கு இருந்தது. கணவர் நூற்பாலையில் இரவுப் பணி செய்பவர். உடன் அவர் மனைவியும் நான்கு வயதுக் குழந்தையும். கதவு திறந்திருந்தது. குழந்தையின் இருமல் விடாமல் கேட்டது. உள்ளே எட்டிப் பார்த்தபோதுதான் படுக்கையறைச் சுவரைக் கண்டேன். ஏசிக்குக் கீழே தொடங்கி, பீரோவின் பின்புறம் வழியாக ஜன்னல் வரை கரும்பச்சைப் புள்ளிகள் திட்டுத் திட்டாகப் படர்ந்திருந்தன. பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி உதிர்ந்திருந்தது. ஏசிக்கு நேர் கீழே ஒரு பிளாஸ்டிக் வாளி.

குழந்தைக்கு என்ன என்று நான் முதலில் கேட்கவில்லை. "ஜன்னலையே திறக்கறதில்லையாம்மா? ஈரத் துணியை உள்ளேயே காயப்போட்டா சுவர் இப்படித்தான் ஆகும்" என்றேன். அந்தப் பெண் தயங்கித் தயங்கி, "நாங்க ஒண்ணும் பண்ணலண்ணே, ஏசியிலருந்துதான் தண்ணி சொட்டுது" என்றார். எத்தனை நாளாக என்று கேட்டேன். "ஆடியிலருந்து" என்றார்.

மூன்று மாதமாகச் சொட்டியிருக்கிறது. ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தக் கோபத்தோடு கீழே இறங்கி வந்தேன். மறுநாள் கொத்தனாரை அழைத்துக் காட்டினேன். பூச்சைக் கொத்தி எடுத்து, மறுபடி பூசி, பட்டி பார்த்து, இரண்டு கை பெயின்ட் அடிக்கப் பதினெட்டாயிரம் ரூபாய் ஆகும் என்றார். அவர்கள் கொடுத்திருந்த முன்பணம் முப்பதாயிரம். காலி செய்யும்போது கழித்துக்கொள்ளலாம் என்று மனத்துக்குள் கணக்கு முடிந்துவிட்டது. அந்தக் கணக்கு எப்படித் தவறாகிப் போனது என்பதைச் சொல்வதற்காகவும், வாடகைக்கு விடுபவர்களுக்கும் இருப்பவர்களுக்கும் அதனால் பயன் உண்டு என்பதாலும் இதை எழுதுகிறேன்.

ஈரம் பழகாத ஊர்

திண்டுக்கல் வறண்ட சமவெளி. பழனி மலைத்தொடரின் மழை மறைவில் இருக்கும் ஊர்; வடகிழக்குப் பருவமழையின் சில வாரங்கள் நீங்கலாக ஆண்டு முழுவதும் வெயில்தான். சுவரில் ஓதம் ஏறுவது என்றால் எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் தரையிலிருந்து ஏறும் ஈரமும் மொட்டைமாடியிலிருந்து இறங்கும் ஒழுக்கும் மட்டுமே. நாகல் நகரின் பழைய நெசவாளர் வீடுகளில் சுண்ணாம்புக் காரைச் சுவர்கள் இருந்தன. அவை ஈரத்தை வாங்கினாலும் வெயில் வந்ததும் வெளியே விட்டுவிடும். இன்றைய சிமென்ட் பூச்சும் அதன்மேல் இழைத்த பட்டியும் பளபளக்கும் பெயின்ட்டும் அப்படிப்பட்டவை அல்ல. உள்ளே போன ஈரம் எளிதில் வெளியே வருவதில்லை. அந்த அறைகளில் இப்போது ஏசியும் வந்துவிட்டது.

ஏசி அறையைக் குளிர்விக்கும் பெட்டி என்றுதான் நாம் நினைக்கிறோம். அது காற்றிலிருந்து தண்ணீரைப் பிழிந்தெடுக்கும் எந்திரமும்கூட. அமெரிக்கப் பொறியாளர் வில்லிஸ் கேரியர் 1902இல் புரூக்ளினில் இருந்த ஓர் அச்சகத்துக்காக அதை வடிவமைத்தபோது, அவருக்குத் தரப்பட்ட வேலை வெப்பத்தைக் குறைப்பதல்ல. காகிதம் ஈரத்தில் விரிந்து அச்சு பிசகாமல் இருக்கக் காற்றின் ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்துவது. 'ஏர் கண்டிஷனிங்' என்ற சொல்லே நூற்பாலைத் தொழிலிலிருந்து வந்தது. பருத்தி நூலுக்கு ஈரம் வேண்டும். வறண்ட காற்றில் இழை அறும். ஆலைக் காற்றின் ஈரத்தைச் சீராக வைப்பதற்கு ஸ்டூவர்ட் கிராமர் என்ற ஆலைப் பொறியாளர் 1906இல் இட்ட பெயர் அது. எங்கள் மாடியில் குடியிருந்தவர் இரவெல்லாம் ஈரம் ஊட்டப்பட்ட ஆலைக் காற்றில் வேலை செய்துவிட்டு, பகலில் ஈரம் பிழியப்பட்ட அறையில் உறங்கினார். இரவில் அதே அறையில் தாயும் குழந்தையும். ஏசி ஓயாமல் ஓடியது அவர்களுடைய ஊதாரித்தனத்தால் அல்ல. அது பணிநேரம் விதித்த வாழ்க்கை. இது எனக்குப் பின்னர்தான் புரிந்தது.

குளிர்ந்த செம்புக் கம்பியின் வெளிப்புறத்தில் எப்படி நீர் அரும்புகிறதோ, அப்படித்தான் ஏசியின் குளிர்ச் சுருளிலும் அறைக் காற்றின் ஈரம் படிந்து சொட்டும். ஈரப்பதம் மிகுந்த நாளில் ஒன்றரை டன் ஏசி ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் அளவுக்குத் தண்ணீரைப் பிரித்தெடுக்கக்கூடும். சுருளுக்குக் கீழே உள்ள தட்டில் அது சேர்ந்து, ஒரு சிறு குழாய் வழியே வெளியேற வேண்டும். அந்தக் குழாயைத் தள்ள மோட்டார் எதுவும் பெரும்பாலான வீட்டு ஏசிகளில் இல்லை. தண்ணீர் தன் எடையால் தானே இறங்குகிறது. எனவே குழாய்க்கு வாட்டம் வேண்டும். கொத்தனார்கள் குளியலறைத் தரைக்கு வாட்டம் கொடுப்பதைப்போல, இந்த அரையங்குலக் குழாய்க்கும் தொடக்கம் முதல் முடிவு வரை சரிவு இருக்க வேண்டும். எங்கோ ஓரிடத்தில் அது மேடேறினால், தண்ணீர் திரும்பித் தட்டுக்கு வரும். தட்டு நிரம்பினால் சுவரில் வழியும்.

நனைந்த சுவரில் பூஞ்சை பிடிக்க நீண்ட நாள் வேண்டியதில்லை. அதன் விதைகளான நுண்துகள்கள் எல்லா வீட்டுக் காற்றிலும் எப்போதும் மிதக்கின்றன. அவற்றுக்கு வேண்டியது ஈரம் மட்டுமே. நனைந்த பொருள்களை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்திவிட்டால் பெரும்பாலும் பூஞ்சை வளராது என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் வழிகாட்டுதல். எங்கள் சுவர் மூன்று மாதம் நனைந்திருந்தது. உலகச் சுகாதார நிறுவனம் 2009இல் ஈரமும் பூஞ்சையும் குறித்துத் தனி வழிகாட்டு நூலே வெளியிட்டது. ஈரமான வீடுகளில் வசிப்பவர்களுக்கு மூச்சுத் தொல்லைகளும் ஆஸ்துமாவும் கூடுதலாகக் காணப்படுகின்றன என்று அது சொல்கிறது.

தண்ணீர் எந்த வழியாக வந்தது?

ஏசி சொட்டுகிறது என்பது நோயின் பெயரல்ல, அறிகுறி. அதற்குப் பல காரணங்கள் உண்டு; ஒவ்வொரு காரணமும் ஒவ்வொருவரின் பொறுப்பைச் சுட்டும்.

வடிகட்டியில் தூசி அடைத்தால் சுருளின் மேல் காற்று போதிய அளவு ஓடாது. சுருளில் பனிக்கட்டி படியும். ஏசியை நிறுத்தியதும் அது உருகித் தட்டைத் தாண்டி வழியும். வடிகட்டியைக் கழற்றிக் குழாயடியில் கழுவுவது அன்றாடப் பராமரிப்பு. அறையில் இருப்பவர் மட்டுமே அதைச் செய்ய முடியும். வடிகுழாயில் வழுவழுப்பான பாசி சேர்ந்து அடைத்துக்கொள்வது இன்னொன்று. ஆண்டுக்கு ஓரிரு முறை சர்வீஸ் செய்தால் தீரும். குளிரூட்டும் வாயு குறைந்தாலும் சுருளில் பனி பிடிக்கும். எந்திரம் யாருடையதோ அவர் பார்க்க வேண்டியது அது. தட்டு விரிசல் விடுவது தேய்மானம்.

கடைசியாகப் பொருத்தும்போதே நேரும் பிழைகள்: உள்பெட்டியைச் சாய்வாக மாட்டுவது, குளிர்ச்சியைக் கடத்தும் செம்புக் குழாய்க்கு உறை போடாமல் சுவருக்குள் விடுவது, வடிகுழாய்க்கு வாட்டம் தராமல் புதைப்பது. இவை குடிவருபவரின் கண்ணுக்கே தெரியாதவை.

கறை இருக்கும் இடமே ஓரளவு சாட்சி சொல்லும். ஏசிக்கு நேர் கீழே வழிந்த தடம் என்றால் தட்டோ வடிகுழாயோ. ஏசியிலிருந்து விலகி, சுவரின் நடுவே குறுக்கு வாக்கில் ஈரக்கோடு தெரிந்தால் புதைத்த குழாய். தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரம்வரை என்றால் நிலத்திலிருந்து ஏறும் ஓதம். கூரையில் வட்டமாக என்றால் மொட்டைமாடி. அறை மூலைகளிலும் பீரோவின் பின்னாலும் மட்டும் புள்ளிகள் என்றால் காற்றின் ஈரம் குளிர்ந்த சுவரில் படிகிறது என்று பொருள். மழைக்காலத்தில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு ஏசியை 18 டிகிரியில் ஓட்டினால் இந்தக் கடைசி வகை வரும். நட்சத்திரக் குறியீடு பெற்ற ஏசிகளின் தொடக்க அளவை 24 டிகிரியாக வைக்க வேண்டும் என்று 2020 ஜனவரி முதல் விதி உள்ளது. அது மின்சாரத்தைச் சேமிப்பதற்காக வந்தது. சுவருக்கும் அது நல்லதே.

இவ்வளவையும் எனக்கு விளக்கியவர் ஓர் ஏசி மெக்கானிக். முன்பணத்தில் கழிப்பதற்குச் சான்றாக இருக்கட்டும் என்றுதான் அவரை வரவழைத்தேன். முதலில் வடிகட்டியைக் கழற்றிக் காட்டினார். கம்பளிபோல் தூசி அப்பியிருந்தது. நான் வெற்றிப் பார்வை பார்த்தேன். அடுத்து அவர் ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டு வாங்கி, அதைத் தட்டில் மெதுவாக ஊற்றினார். வீட்டின் பின்புறம் குழாய் வெளியேறும் இடத்தில் என்னை நிற்கச் சொன்னார். ஊற்றிய சில நொடிகளில் தண்ணீர் வர வேண்டும். நான் நின்றேன், வரவில்லை. நெடுநேரம் கழித்து ஒரு நூல்போல் கசிந்து நின்றுவிட்டது. பெரும்பகுதி தட்டுக்கே திரும்பிச் சுவரில் வழிந்தது.

"பைப்பை எதுக்குண்ணே இவ்வளவு தூரம் சுத்தி விட்டீங்க?" என்று கேட்டார். ரசமட்டத்தைச் சுவரில் வைத்துக் குழாய் போகும் தடத்தைக் காட்டினார். பன்னிரண்டு அடி தூரம் கிட்டத்தட்ட மட்டமாகப் போய், பின்பக்கம் உத்தரத்தைத் தாண்டும் இடத்தில் சற்றே மேடேறியிருந்தது.

ஏன் சுற்றி விட்டேன் என்பது எனக்குத் தெரியும். மாடி கட்டியபோது ஏசிக்கான குழாயை நேராக முன்பக்கம் விடலாம் என்றார் கொத்தனார். அரை அடி தூரம், நல்ல வாட்டம். வெள்ளைக் குழாய் தொங்கினால் முகப்பின் அழகு கெடும் என்று நான்தான் மறுத்தேன். தெருவில் போகிறவர்கள் பார்க்கும் அழகுக்காகச் சுவருக்குள் ஒளித்துப் பின்பக்கம் கொண்டுபோகச் சொன்னேன். அதற்கான விலையைப் படுக்கையறைக்குள் ஒரு குழந்தை கொடுத்துக்கொண்டிருந்தது. வடிகட்டியைக் கழுவியிருந்தால் இவ்வளவு வேகமாக அடைத்திருக்காது. ஆனால் இந்தக் குழாய் என்றாவது ஒரு நாள் சுவரை நனைத்தேதான் இருக்கும் என்றார் மெக்கானிக்.

சட்டத்தின் அட்டவணை

அதன் பிறகுதான் சட்டத்தைப் படித்தேன். தமிழ்நாட்டில் 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக, நில உரிமையாளர்கள், வாடகைதாரர்களின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் சட்டம் 2017இல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்பதைப் பலரும் கேள்விப்பட்டிருப்போம். அதன் 15ஆம் பிரிவையும் இரண்டாம் அட்டவணையையும் படித்தவர்கள் குறைவு.

யார் எதைப் பழுதுபார்க்க வேண்டும் என்று அந்த அட்டவணை பிரித்துச் சொல்கிறது. வாடகைதாரர் ஏற்படுத்திய சேதம் நீங்கலான கட்டுமானப் பழுதுகள், சுவருக்கு வெள்ளையடித்தல், கதவு ஜன்னல்களுக்கு வர்ணம் பூசுதல், தேவைப்படும்போது குழாய்களை மாற்றுதல், மின்கம்பி வேலைகள் ஆகியவை உரிமையாளருக்கு உரியவை. தண்ணீர்க் குழாயின் வாஷர், சாக்கடை அடைப்பு, கழிப்பறை, வாஷ்பேசின், கீசர் பழுது, சுவிட்சுகள், மின்சாதனங்களின் பழுது, உடைந்த ஜன்னல் கண்ணாடி போன்றவை வாடகைதாரருக்கு உரியவை. கதவுப் பூட்டை மாற்றுவதும் அவருடைய பொறுப்பே. பூட்டுக்குப் புவிசார் குறியீடு பெற்ற ஊரில் இதைக் குறிப்பிடாமல் விட மனம் வரவில்லை.

இந்தப் பட்டியலில் ஏசி என்ற பெயரோ பூஞ்சை என்ற சொல்லோ எனக்குத் தென்படவில்லை. சிக்கல் அங்கேதான். ஏசியை மின்சாதனமாகப் பார்த்தால் அதன் பழுது வாடகைதாருடையது. அதன் நீர் இறங்கும் குழாய் சுவருக்குள் போனால் அது குழாய் வேலை; உரிமையாளருடையது. நனைந்து உதிர்ந்த பூச்சு கட்டுமானப் பழுது; அதுவும் உரிமையாளருடையது. ஆனால், அது வாடகைதாரர் ஏற்படுத்திய சேதம் என்று மெய்ப்பிக்க முடிந்தால் அவருடையது. ஆக, ஒரே சுவரில் ஒரே தண்ணீருக்கு இருவரையும் கைகாட்ட முடியும். நான் கைகாட்டியது எனக்கு வசதியான வரியை மட்டும் வைத்துக்கொண்டு.

சட்டம் இதைத் தீர்க்கும் வழியைக் கூர்ந்து படித்தால், சேதத்துக்குக் காரணம் யார் என்ற கேள்விதான் அடிப்படை என்று தெரிகிறது. அதற்கு முந்தைய மத்தியச் சட்டமான 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 108ஆம் பிரிவும் இதே தடத்தில்தான் செல்கிறது: இயல்பான தேய்மானம் வாடகைதாரரின் குற்றமாகாது, அவருடைய செயலாலோ தவறாலோ நேர்ந்த குறையை அவர் சரிசெய்ய வேண்டும், உரிமையாளர் செய்யக் கடமைப்பட்ட பழுதை, அறிவிப்புக் கொடுத்தும் நியாயமான காலத்துக்குள் அவர் செய்யாவிட்டால் வாடகைதாரரே செய்து செலவை வாடகையில் கழித்துக்கொள்ளலாம். 2017ஆம் ஆண்டுச் சட்டமும் இரு தரப்புக்கும் இந்த வழியைத் தருகிறது. வாடகைதாரர் தன் பங்குப் பழுதைச் செய்ய மறுத்தால் உரிமையாளர் முன்பணத்தில் கழிக்கலாம். உரிமையாளர் மறுத்தால் வாடகைதாரர் வாடகையில் கழிக்கலாம். ஒன்றிய அரசின் 2021ஆம் ஆண்டு மாதிரி வாடகைச் சட்டம், அப்படிக் கழிப்பது ஒரு மாத வாடகையில் பாதியைத் தாண்டக் கூடாது என்று வரம்பும் வைக்கிறது. பழுது நீக்காவிட்டால் குடியிருக்கவே முடியாது என்ற நிலையில், எழுத்தில் கேட்டும் உரிமையாளர் மறுத்தால், பதினைந்து நாள் அறிவிப்புக் கொடுத்து வாடகைதாரர் வெளியேறலாம். வாடகை நீதிமன்றத்தையும் நாடலாம்.

வீட்டின் சேதத்தைக் கூடிய விரைவில் உரிமையாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற கடமையையும் அதே சட்டம் வாடகைதாரர் மீது வைக்கிறது. என் வீட்டு விவகாரத்தில் மறுபக்கத்தின் தவறு இங்கே இருந்தது. ஆடியில் முதல் சொட்டு விழுந்தபோதே சொல்லியிருந்தால் ஒரு வாரத்தில் முடிந்திருக்கும். பூச்சு உதிர்ந்திருக்காது, குழந்தை மூன்று மாதம் அந்தச் சுவரோரம் படுத்திருக்க வேண்டியதில்லை.

ஏன் சொல்லவில்லை?

அந்தப் பெண்ணிடம் இதைக் கேட்டேன், இம்முறை குரலை உயர்த்தாமல். முந்தைய ஆண்டு மோட்டார் பழுதைச் சொன்னபோது நான் சரிசெய்துவிட்டு, அடுத்த மாதமே வாடகையை ஆயிரம் ரூபாய் ஏற்றியதை நினைவுபடுத்தினார். அவை இரண்டும் எனக்குத் தனித்தனி நிகழ்ச்சிகள். அவர்களுக்கு ஒன்றின் விளைவு மற்றொன்று. குழந்தையைப் பக்கத்துப் பள்ளியில் சேர்த்திருந்தார்கள். வீடு மாற வேண்டியிருக்குமோ என்ற அச்சத்தில் வாளியை வைத்துச் சமாளித்திருக்கிறார்கள். தகவல் சொல்வது கடமை என்று சட்டம் எழுதிவிடலாம். சொன்னால் என்ன நடக்கும் என்பதைத் தீர்மானிப்பது வீட்டுக்காரரின் நடத்தைதான்.

சொன்ன பிறகும் கேளாதிருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தில் ஒரு துயர வரலாறு உண்டு. ராச்டேல் நகரில் ஒரு சமூகக் குடியிருப்பில், சூடானிலிருந்து வந்த குடும்பம் ஒன்று வசித்தது. சுவரில் பூஞ்சை படிவதைத் தந்தை 2017இலேயே முறையிட்டார். பெயின்ட் அடித்துக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. 2020 டிசம்பரில் அவர்களுடைய மகன் அவாப் இஷாக் இறந்தான். இரண்டு வயது முடிந்து எட்டே நாள் ஆகியிருந்தது. நீண்டகாலம் பூஞ்சை நிறைந்த வீட்டில் வாழ்ந்ததால் உண்டான கடும் சுவாசக் கோளாறே காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி அறிவித்தார். அந்தக் குடும்பம் குளிக்கும் முறையும் சமைக்கும் முறையும்தான் ஈரத்துக்குக் காரணம் என்று குடியிருப்பு நிறுவனத்தினர் கருதியிருந்தது அந்த விசாரணையில் வெளிவந்தது. அவன் பெயரால் வந்த சட்டவிதி 2025 அக்டோபர் 27 முதல் அங்கே சமூகக் குடியிருப்புகளில் நடைமுறைக்கு வந்துள்ளது. உடனடி ஆபத்துகளை 24 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும். தீங்கு தரும் அளவு ஈரமும் பூஞ்சையும் பற்றிய முறையீட்டைப் பத்து வேலைநாள்களுக்குள் ஆராய வேண்டும்.

அந்தக் குளிர்நாட்டு வீட்டின் ஈரம் வேறு, எங்கள் ஏசியின் ஈரம் வேறு. ஆனால், அந்த அதிகாரிகள் கேட்ட முதல் கேள்விதான் என் வாயிலிருந்தும் வந்தது என்பதைப் படித்தபோது வெட்கமாக இருந்தது. சுவரைப் பார்க்கும் முன் நானும் குடியிருப்பவரின் பழக்கத்தைத்தான் பார்த்தேன்.

எழுதிக்கொள்ள வேண்டிய நான்கு வரிகள்

சிங்கப்பூரில் வாடகை வீட்டில் இருக்கும் உறவினர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் வியந்தார். அங்கே வாடகை ஒப்பந்தங்களில் ஏசிக்கென்றே வாசகம் இருப்பது வழக்கம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை வாடகைதாரர் சர்வீஸ் செய்து ரசீதை வைத்துக்கொள்ள வேண்டும். குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட பழுது உரிமையாளருடையது என்று முன்பே எழுதிவிடுகிறார்கள். நம் ஊரில் முத்திரைத்தாளில் பதினோரு மாதம், வாடகை, முன்பணம், காலி செய்ய அவகாசம் என்று எழுதுவதோடு முடிந்துவிடுகிறது. மின்விசிறிகளைக்கூட எண்ணி எழுதுகிறோம். ஏசியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

நான்கு செய்திகளை ஒப்பந்தத்தில் சேர்த்தால் பெரும்பாலான சண்டைகள் எழாது. முதலாவது, ஏசி யாருடையது, குடிவரும் நாளில் அதன் நிலை என்ன என்பது. அன்றே ஒரு சொம்புத் தண்ணீரைத் தட்டில் ஊற்றி, அது வெளியேறுவதை இருவரும் பார்த்து, சுவர்களைப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது, வடிகட்டியைக் கழுவுவதும் ஆண்டுக்கு இருமுறை சர்வீஸ் செய்வதும் குடியிருப்பவர் பொறுப்பு, ரசீது இருக்கட்டும். மூன்றாவது, எந்திரத்தின் பெரும்பழுதும் சுவருக்குள் இருக்கும் குழாய் முழுவதும் உரிமையாளர் பொறுப்பு. வாடகைதாரர் தன் ஏசியைக் கொண்டுவந்து தானே துளையிட்டுப் பொருத்தினால், அந்தப் பொருத்தலின் விளைவுகள் அவருடையவை. நான்காவது, ஈரத்தைக் கண்டால் இரண்டு நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கைப்பேசிக் குறுஞ்செய்தி போதும். தெரிவித்த ஒரு வாரத்துக்குள் உரிமையாளர் ஆளை அனுப்ப வேண்டும். பார்க்க வருபவர் சட்டப்படி 24 மணி நேரம் முன்பே எழுத்தில் சொல்லிவிட்டு வர வேண்டும் என்பதையும் உரிமையாளர்கள் மறக்கக் கூடாது. 'என் வீடுதானே' என்று நான் எட்டிப் பார்த்ததும் தவறுதான்.

ஏற்கெனவே பூஞ்சை பிடித்துவிட்ட சுவரில் அதன் மேலேயே பெயின்ட் அடிப்பது வீண். அது சில வாரங்களில் மறுபடி வெளிவரும். முதலில் தண்ணீரை நிறுத்த வேண்டும். பிறகு சுவரை முழுமையாக உலர்த்த வேண்டும். பத்துச் சதுர அடிக்குள் உள்ள கறையை முகக்கவசமும் கையுறையும் அணிந்து சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவலாம். பிளீச்சிங் கரைசலோடு கழிப்பறை ஆசிட்டைக் கலக்கவே கூடாது. நச்சு வாயு எழும். பூச்சே இற்றுப்போயிருந்தால் கொத்தி எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. குழந்தைகளையும் மூச்சுத் தொல்லை உள்ளவர்களையும் வேலை முடியும்வரை வேறு அறையில் வைக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் கணக்கு இப்படித் தீர்ந்தது. சுவர் வேலையின் பதினெட்டாயிரமும் புதுக் குழாயின் செலவும் என்னுடையவை. ஏசி சர்வீஸ் கட்டணத்தை அவர்கள் கொடுத்தார்கள். வேலை நடந்த பத்து நாளும் அவர்கள் முன்னறையில் படுத்தார்கள். அந்த நாள்களுக்கான வாடகையை நான் வாங்கவில்லை. தை மாதம் அவர்கள் காலி செய்தார்கள். ஆலைக்கு அருகில் வீடு கிடைத்தது என்றார்கள். அது மட்டும்தான் காரணமா என்று நான் கேட்கவில்லை. முப்பதாயிரத்தையும் அன்றே எண்ணிக் கொடுத்தேன். குழந்தையின் தந்தை அதை இரண்டு முறை எண்ணினார். கழிக்கப்படும் என்றே எதிர்பார்த்திருந்தார் என்று தெரிந்தது.

இப்போது எங்கள் வீட்டு முகப்பில், ஜன்னலுக்குப் பக்கத்தில் வெள்ளைக் குழாய் ஒன்று வெளிப்படையாகத் தொங்குகிறது. ஏசி ஓடும்போது கீழே இருக்கும் தொட்டியில் அது சொட்டுவது தெருவிலிருந்தே தெரியும். அடுத்துக் குடிவந்தவர்களிடம், அது சொட்டாமல் நின்றால் உடனே சொல்லுங்கள் என்று சொல்லியிருக்கிறேன், ஒப்பந்தத்திலும் எழுதியிருக்கிறேன்.